அத்தியாயம் 9: வைஃபை டிரைவர் யார் பேச்சைக் கேட்கிறது?

நியூஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தப்பா மகன், வந்த அன்றே கூடத்தில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். "அண்ணா, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியுது. நம்ம வீட்டுது மட்டும் காணோம்." என் கைபேசியில் அதே வைஃபை முழுப் பட்டையோடு நின்றது. கடவுச்சொல் தவறு என்றால் புரிந்திருக்கும். இங்கே பட்டியலில் பெயரே வரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டோம். மடிக்கணினியில் லினக்ஸைப் புதிதாக நிறுவினோம். ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் ரவுட்டரில் இருந்தது. அது தானாகவே 13ஆம் சேனலுக்குப் போய் உட்கார்ந்திருந்தது. மடிக்கணினியின் வைஃபை அட்டை அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தது. அதன் கணக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல்கள் 11 உடன் முடிந்துவிடுகின்றன. நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று மாற்றிப் பார்த்தோம். "சரி" என்பதுபோல இந்தியாவைக் காட்டியது. ஆனாலும் 13 வரவில்லை. ரவுட்டரை 6க்கு மாற்றியதும் அடுத்த நொடியில் இணைப்பு கிடைத்தது.

எங்களுக்கு வீணான அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்த அத்தியாயம். சுருக்கம் இதுதான்: வைஃபை டிரைவருக்குப் பல எசமானர்கள். அவர்களில் யார் மிகக் கண்டிப்போ அவர் சொல்தான் செல்லும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்பு, கண்டிப்பாக நிற்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். லினக்ஸில் இது வெளிப்படையாகத் தெரிவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். நாட்டுக் குறியீடு மட்டும் பெரிய எழுத்தில்.

நாட்டுக்கு நாடு மாறுவது என்ன?

அலைவரிசைக்கு எல்லைக்கல் நடுவது அந்தந்த நாட்டு அரசு. அமெரிக்காவில் எஃப்சிசி, இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூபிசி பிரிவு, இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, சிங்கப்பூரில் ஐஎம்டிஏ. இவர்கள் மூன்று விஷயங்களில் வேறுபடுகிறார்கள்: எந்தச் சேனல், எவ்வளவு சக்தி, என்ன நிபந்தனை.

சேனலைப் பார்ப்போம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சேனலின் நடு அலைவரிசையைக் கணக்கிடுவது எளிது: சேனல் எண்ணை 5ஆல் பெருக்கி 2407ஐக் கூட்டினால் போதும். 11ஆம் சேனலின் நடு 2462 மெகாஹெர்ட்ஸ். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது 2452 முதல் 2472 வரை பரவும். 13ஆம் சேனல் 2482 வரை நீளும். 2483.5க்கு மேலே உள்ள பட்டையில் செயற்கைக்கோள் சேவைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் அது கடுமையாகக் காக்கப்படும் பட்டை. அதன் வேலியோரம் வரை போய்ச் சிக்கலை வாங்குவதைவிட 11 உடன் நிறுத்திவிடுவது மேல் என்று அங்கே விற்கும் கருவிகள் நிறுத்திக்கொள்கின்றன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 13 வரை உண்டு. ஜப்பானில் 14ஆவதும் உண்டு. 2484இல், பழைய 802.11பி முறைக்கு மட்டும்.

அடுத்தது சக்தி. இதை டிபிஎம் என்ற அலகில் அளக்கிறார்கள். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். 3 கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 20 டிபிஎம் வரம்பு. இந்தியாவில் 2005இல் இந்தப் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தபோது வைத்த உச்சம் 4 வாட், அதாவது 36 டிபிஎம். இவை ஆன்டெனாவிலிருந்து வெளியேறும்போது இருக்க வேண்டிய வரம்புகள். 20 வரம்புள்ள நாட்டில் 5 டெசிபெல் பெருக்கும் ஆன்டெனாவை மாட்டினால் ரேடியோ 15இல்தான் பேசலாம்.

நிபந்தனைகள் 5 கிகாஹெர்ட்ஸில்தான் அதிகம். 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு 5150–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளைக் கம்பியில்லா வலையமைப்புகளுக்குத் திறந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே ரேடார்கள் குடியிருந்தன. அதனால் "ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார், இருந்தால் விலகு" என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. இந்தியாவில் 2005இல் உட்புறப் பயன்பாட்டுக்குச் சில பகுதிகள் கிடைத்தன. 2018 அக்டோபரில் வெளிப்புறப் பயன்பாடும் கூடுதல் பட்டைகளும் வந்தன. 6 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 2020இல் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. இந்தியாவில் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸுக்கான வரைவு விதி 2025 மே மாதம் வெளியானது. விதி இடத்துக்கு இடம் மட்டுமல்ல, ஆண்டுக்கு ஆண்டும் மாறும். உங்கள் கணினியில் இருப்பது எந்த ஆண்டு விதி என்ற கேள்வி பின்னால் திரும்ப வரும்.

காவல் வேலை டிரைவருக்கு எப்படி வந்தது?

பழைய ரேடியோக்களில் வரம்பு வன்பொருளிலேயே இருந்தது. வைஃபை சிப்புகள் வேறு. ஒரே சிப் உலகம் முழுக்க விற்கும். எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியில் பேசுவது என்பதை மென்பொருள் சொல்லும். அப்படியானால் அந்த மென்பொருளைப் பயனர் திருத்தினால் என்ன ஆகும்? இந்தப் பயத்தால்தான் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லினக்ஸில் வைஃபை அவ்வளவு தகராறாக இருந்தது. அத்தெராஸ் சிப்புகளுக்கான மேட்வைஃபை டிரைவரின் உள்ளே "ஹால்" என்றொரு பகுதி மூலநிரல் இல்லாத மூடிய பொட்டலமாக வந்தது. இன்டெல்லின் 3945 அட்டைக்கு 2006 வாக்கில் வந்த டிரைவரோடு, விதிகளைக் காக்கவென்றே தனியாக ஒரு மூடிய பின்னணி நிரலும் ஓட வேண்டியிருந்தது. மறு ஆண்டே இன்டெல் அந்த வேலையைச் சிப்புக்குள் ஏறும் ஃபர்ம்வேருக்கு மாற்றிவிட்டு, டிரைவரைத் திறந்துவிட்டது.

திருப்பம் வந்தது 2008இல். அத்தெராஸ் தானே ஏடிஹெச்9கே என்ற திறந்த டிரைவரை வெளியிட்டது. அப்போது அங்கே பணியாற்றிய லூயிஸ் ரோட்ரிகஸ், எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான விதிக்காவல் அமைப்பு ஒன்றை லினக்ஸ் கர்னலுக்குள் கொண்டுவந்தார். 2.6.28 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. நிரல் திறந்திருந்தாலும் சட்டத்தை மதிக்க முடியும் என்று ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் காட்டுவதே நோக்கம். அதனால்தான் அதன் அடிப்படைக் கொள்கை இவ்வளவு கறாராக இருக்கிறது: பயனர் தரும் நாட்டுக் குறியீடு கருவியின் கட்டுப்பாட்டைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

அந்தக் கறாருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனம் எஃப்சிசியோடு 2 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அமெரிக்காவில் விற்ற சில ரவுட்டர்களில் பயனரே நாட்டுக் குறியீட்டை மாற்றி, அனுமதித்த வரம்புக்கு மேலான சக்தியில் இயக்க முடிந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. ஒரு சிறிய தேர்வுப்பட்டியலுக்கு விலை அவ்வளவு.

நான்கு குரல்கள்

ஓட்டுநர் வேலையாகவே இதை நினைத்துப் பாருங்கள். சாலையோரப் பலகை 80 என்கிறது. வண்டியில் பொருத்திய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 என்கிறது. முதலாளி "100இல் போ" என்கிறார். வண்டி 60இல்தான் போகும். வைஃபையில் அப்படிப் பேசும் குரல்கள் நான்கு.

முதல் குரல், கர்னலின் பொது விதி. கணினி எழுந்ததும், எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாத நிலையில், 00 என்ற "உலக" விதியோடு தொடங்குகிறது. எல்லா நாட்டிலும் பிரச்சினை வராதபடி அமைத்த விதி அது: 1 முதல் 11 வரை தாராளமாகப் பேசலாம், 12, 13இலும் 5 கிகாஹெர்ட்ஸ் முழுவதிலும் முதலில் வாய் திறக்கக் கூடாது.

இரண்டாவது, சிப்பின் குரல். தொழிற்சாலையில் சிப்பின் நினைவகத்தில் ஒரு விதிக்குறியீட்டை எழுதிவிடுகிறார்கள். ஏடிஹெச்9கே டிரைவர் ஏறும்போது அதைப் படித்து, எந்த நாட்டைப் பயன்படுத்துகிறது என்பதைக் கர்னல் பதிவில் ஒரு வரியாகச் சொல்லிவிடும். அங்கே குறியீடு வெறும் 0 என்று இருந்தால் "இயல்பு நாடு" என்று எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விடும். என் சித்தப்பா மகனின் மடிக்கணினியில் நடந்தது இதுதான்.

மூன்றாவது, உங்கள் குரல். «சூடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்» என்று நீங்கள் தரும் கட்டளை, அல்லது ரவுட்டர் பக்கத்தில் தேர்ந்தெடுக்கும் நாடு.

நான்காவது, அக்சஸ் பாயிண்டின் குரல். 2001இல் வந்த 802.11டி நீட்சியின்படி, அக்சஸ் பாயிண்ட் தன் அறிவிப்புச் சட்டகங்களில் நாட்டின் இரண்டெழுத்தையும், அது உட்புறத்துக்கா வெளிப்புறத்துக்கா என்ற மூன்றாம் எழுத்தையும், சேனல் வாரியாகச் சக்தி வரம்பையும் சொல்லலாம். லினக்ஸ், தான் இணைந்திருக்கும் அக்சஸ் பாயிண்ட் சொல்வதை மட்டும் காதில் வாங்கும். இணைப்பு அறுந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்தக் குரல்கள் முரண்பட்டால், பொதுவாக அனுமதிக்கப்பட்ட பகுதியை மட்டும் கர்னல் வெட்டி எடுத்துக்கொள்ளும். அப்படி வெட்டிய விதிக்கு நாடு எதுவும் இல்லை. 98 என்று எண் தரும். டிரைவர் தானே தயாரித்த விதியென்றால் 99. இந்த எண்களைப் பார்த்து "என்ன நாடு இது?" என்று திகைக்க வேண்டாம்.

தரவுத்தளத்தின் ஒரு வரி

எல்லா நாட்டு விதிகளும் "ஒயர்லெஸ்-ரெக்டிபி" என்ற தொகுப்பில் இருக்கின்றன. மூலக் கோப்பு யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய எளிய உரை. உலக விதியின் முதல் வரி இப்படி இருக்கும்:

(2402 - 2472 @ 40), (20)

2402 முதல் 2472 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரு சேனல் அதிகபட்சம் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை, 20 டிபிஎம் வரை என்று பொருள். 13ஆம் சேனல் 2482 வரை நீளும் என்று மேலே கணக்குப் போட்டோம் அல்லவா? இந்த வரியின் எல்லை 2472. ஆக இந்த வரியில் 13க்கு இடமில்லை. சேனல் முழுவதும் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும். ஓரம் வெளியே நீட்டினாலும் அனுமதி இல்லை. உலக விதியில் 12, 13க்கு அடுத்த வரியில் நிபந்தனையோடு இடம் தருகிறார்கள். அமெரிக்க விதியில் அந்த அடுத்த வரி இல்லை.

முன்பெல்லாம் "கிரடா" என்ற துணை நிரல் இந்தத் தரவைப் படித்துக் கர்னலுக்குக் கொடுத்தது. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து கர்னலே நேரடியாகப் படிக்கிறது. கோப்பின் பெயர் "ரெகுலேட்டரி.டிபி", ஃபர்ம்வேர் அடைவில் இருக்கும். பக்கத்திலேயே மின்கையொப்பக் கோப்பு ஒன்றும் இருக்கும். யாரோ திருத்திய தரவைக் கர்னல் ஏற்காமலிருக்க அந்தக் கையொப்பம்.

முடக்கம், மௌனம், ரேடார்

«ஐடபிள்யூ லிஸ்ட்» கொடுத்தால் ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே அதன் நிலை வரும். மூன்று குறிப்புகளைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

"டிசேபிள்டு" என்றால் முடக்கம். அந்தச் சேனலில் டிரைவர் பேசாது, கேட்கவும் செய்யாது. அங்கே இருக்கும் வலையமைப்பு உங்களுக்கு இல்லாததற்குச் சமம்.

"நோ ஐஆர்" என்றால் மௌனம்: முதலில் வாய் திறக்காதே. யாராவது பேசுவதைக் கேட்டால் அவரோடு இணையலாம். நீங்களாக வலையமைப்பைத் தொடங்க முடியாது. வழக்கமாகக் கணினி "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டு உடனடியாகப் பதில் வாங்கும். மௌனச் சேனலில் அப்படிக் கேட்க முடியாது; அக்சஸ் பாயிண்ட் தானாக அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அறிவிப்பு பொதுவாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு முறை வரும். சேனலுக்குச் சேனல் அப்படி நின்று நின்று போவதால்தான் 5 கிகாஹெர்ட்ஸ் தேடல் மெதுவாக நடக்கிறது. கணினி உலக விதியில் இருக்கும்போது, ரேடார் இல்லாத மௌனச் சேனலில் ஓர் அக்சஸ் பாயிண்ட் பேசுவதைக் கேட்டுவிட்டால், "இங்கே பேச அனுமதி இருக்கிறது போலும்" என்று கர்னல் அந்த மௌனத்தைத் தளர்த்திவிடும்.

"ரேடார் டிடெக்‌ஷன்" என்றால், வலையமைப்பு நடத்துபவர் ரேடாரைக் கவனித்தே ஆக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும், 100க்கு மேற்பட்ட பல சேனல்களும் இந்த வகை. வேலைப் பிரிவினை இப்படி: சிப் துடிப்புகளை உணரும், அந்தத் துடிப்பின் அகலமும் இடைவெளியும் ரேடார் வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று டிரைவரோ ஃபர்ம்வேரோ பார்க்கும், பொருந்தினால் கர்னலுக்குச் சொல்லும், அக்சஸ் பாயிண்ட் மென்பொருள் வேறு சேனலுக்குப் பெயரும்.

சிப்புக்குச் சிப் குணம் வேறு

ஒரே கட்டளை ஓர் அட்டையில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாததற்குக் காரணம் டிரைவரின் குணம்.

அத்தெராஸ் வழி வந்தவை சிப் நினைவகத்தை வேதவாக்காகக் கொள்பவை. உங்கள் நாட்டுக் குறியீட்டை ஏற்கும், ஆனால் தொழிற்சாலை மூடிய சேனலைத் திறக்காது.

இன்டெல்லின் புதிய அட்டைகள் "தன்னாட்சி" வகை. விதி ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. சுற்றிலும் கேட்கும் சமிக்ஞைகளை வைத்து எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அதுவே முடிவு செய்யும். «ஐடபிள்யூ ரெக் கெட்» கொடுத்தால் அட்டையின் பெயருக்குப் பக்கத்தில் "செல்ஃப்-மேனேஜ்டு" என்று வரும். அங்கே «ரெக் செட்» கொடுப்பது கல்லில் நார் உரிக்கும் வேலை.

பிராட்காம் சிப்புகளில் விதி அட்டவணை ஃபர்ம்வேரோடு தனிக் கோப்பாக வரும். ராஸ்ப்பெரி பை பயன்படுத்துபவர்களுக்கு இது நேரடியாகப் புலப்படும்: 3பி பிளஸ் முதலான மாதிரிகளில் நாட்டைச் சொல்லாதவரை வைஃபை திறக்காது. உள்நுழைந்ததும், வைஃபை ஆர்எஃப்கில்லால் தடுக்கப்பட்டுள்ளது, ராஸ்பி-கான்ஃபிக் மூலம் நாட்டை அமைக்கவும் என்ற செய்தி வரும். ஆன்டெனா பழுது என்று நினைத்து அட்டையை மாற்றியவர்கள் உண்டு. லோகலைசேஷன் பிரிவில் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மீடியாடெக்கின் எம்டி76 குடும்பம் பெரும்பாலும் தரவுத்தளத்தையும் உங்கள் குறியீட்டையும் பின்பற்றும். அக்சஸ் பாயிண்ட் நடத்த யூஎஸ்பி அட்டை தேடுபவர்கள் அதை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரச்சினை வந்தால் பார்க்கும் வரிசை

1. முதலில் ரவுட்டரின் சேனல் எண்ணைப் பாருங்கள். கைபேசியில் வைஃபை அலசும் செயலி எதுவானாலும் காட்டும். 12, 13 என்றாலோ, 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144க்குள் என்றாலோ சந்தேகத்தை இங்கிருந்து தொடங்கலாம்.

2. «ஐடபிள்யூ ரெக் கெட்» கொடுங்கள். முதல் பகுதி "குளோபல்": பொதுவாக நடப்பில் உள்ள விதி. அதன் கீழே அட்டைவாரியாகத் தனி விதி வந்தால் அந்த அட்டைக்கு அதுவே செல்லும். நாடு 00 என்றால் யாரும் இன்னும் நாட்டைச் சொல்லவில்லை.

3. «ஐடபிள்யூ லிஸ்ட்» கொடுத்துக் குறிப்பிட்ட சேனலின் வரியைப் படியுங்கள். முந்தைய கட்டளை சட்டத்தைச் சொல்கிறது. இது தீர்ப்பைச் சொல்கிறது. சட்டம் "இந்தியா" என்றும் தீர்ப்பு "13 முடக்கம்" என்றும் வந்தால், நடுவில் சிப்பின் குரல் நிற்கிறது என்று முடிவு செய்யலாம். எங்கள் வீட்டில் இதை முதலிலேயே பார்த்திருந்தால் லினக்ஸை மறுபடி நிறுவியிருக்க மாட்டோம்.

4. கர்னல் பதிவில் "ரெகுலேட்டரி.டிபி" என்று தேடுங்கள். ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருந்தால் கோப்பே இல்லை. "ஒயர்லெஸ்-ரெக்டிபி" தொகுப்பை நிறுவி மறுபடி தொடங்குங்கள். கோப்பு இல்லாத கணினி உலக விதியிலேயே தங்கிவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் எழும்பாது.

5. தொகுப்பு பழையதா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்காகப் புதுப்பிக்காத கணினியில் 2018க்கு முந்தைய இந்திய விதி இருக்கலாம். அட்டை நல்ல அட்டையாக இருந்தும் 100க்கு மேற்பட்ட சேனல்கள் காணாமல் போவது அப்படித்தான்.

6. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் நாட்டை அமையுங்கள். «ரெக் செட்» கட்டளை மறுதொடக்கத்தில் மறந்துபோகும். நிலைக்க வேண்டுமானால் அக்சஸ் பாயிண்ட் மென்பொருளின் அமைப்பிலோ கர்னலின் தொடக்க வரியிலோ எழுத வேண்டும்.

குறியீட்டை எழுதும்போது ஒரு வழுக்கல் உண்டு. இவை ஐஎஸ்ஓ 3166 பட்டியலின் இரண்டெழுத்துகள். இந்தியா ஐஎன், இலங்கை எல்கே, சிங்கப்பூர் எஸ்ஜி, மலேசியா எம்ஒய். பிரிட்டனுக்கு யூகே என்று போடக்கூடாது, ஜிபி. வண்டி எண் பலகைப் பழக்கத்தில் டிஎன் என்று போட்டால், கணினி உங்களைத் துனீசியாவில் கொண்டு போய் வைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதுவும் ஒரு நாடுதானே.

நீங்களே அக்சஸ் பாயிண்ட் நடத்தும்போது

இணைபவருக்கு உள்ள பொறுப்பைவிட நடத்துபவருக்குப் பொறுப்பு அதிகம். ஹோஸ்ட்ஏபிடி என்ற அக்சஸ் பாயிண்ட் மென்பொருளைப் பயன்படுத்தினால் அமைப்புக் கோப்பில் மூன்று வரிகள் வேண்டும்: நாட்டுக் குறியீடு, நாட்டை அறிவிக்கும் 802.11டி, ரேடார் விதிக்கான 802.11ஹெச். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் ரேடார் சேனலில் தொடங்க மறுக்கும்.

ரேடார் சேனலைத் தேர்ந்தெடுத்தால் பொறுமை வேண்டும். பேசத் தொடங்கும் முன் 60 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பாவில் 5600–5650 மெகாஹெர்ட்ஸைத் தொடும் சேனல்களுக்கு அது 10 நிமிடம். அந்தப் பட்டையில் வானிலை ரேடார்கள் இயங்குகின்றன. "அக்சஸ் பாயிண்டை போட்டேன், பெயரே வரவில்லை" என்று முதல் நிமிடத்தில் அணைத்து அணைத்துப் போட்டால் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பதிவில் "டிஎஃப்எஸ்-சிஏசி-ஸ்டார்ட்" என்ற வரி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் தென்பட்டால் 10 விநாடிக்குள் அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். 30 நிமிடம் திரும்பக் கூடாது. சில சமயம் ரேடார் அல்லாத இரைச்சலையும் டிரைவர் ரேடார் என்று எடுத்துக்கொள்ளும். வீடியோ கூட்டங்கள் நடக்கும் அலுவலகத்தில் இந்த இடப்பெயர்ச்சி தொல்லை என்றால் 36 முதல் 48க்குள் இருந்துவிடுவது நிம்மதி.

மடிக்கணினியையே ஹாட்ஸ்பாட்டாக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்கள் எல்லாம் "நோ ஐஆர்" என்று வந்தால், அதுவும் இன்டெல் தன்னாட்சி அட்டை என்றால், போராட வேண்டாம். 2.4இல் நடத்துங்கள், அல்லது வேறு யூஎஸ்பி அட்டை மாட்டுங்கள்.

பொலிவியா வித்தை

"நாட்டைப் பொலிவியா என்று மாற்று, சக்தி 30 டிபிஎம் ஆகிவிடும்" என்ற குறிப்பு லினக்ஸ் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக உலவுகிறது. முதலில், அது சட்டப்படி தவறு: நீங்கள் இருக்கும் நாட்டின் விதிதான் உங்களுக்குப் பொருந்தும். இரண்டாவது, பலன் இல்லை. 20 டிபிஎம்முக்கு அளவு திருத்திய சிப், நாட்டு வரம்பு 30 ஆனாலும் 20இல்தான் பேசும். கட்டாயப்படுத்த முடிந்த சிப்பாக இருந்தாலும் பெருக்கி திணறி, அலை பிசிறி, வேகம் இறங்கும். மூன்றாவது, வைஃபை இருவழிப் பேச்சு. நீங்கள் ஒலிபெருக்கியில் கத்தினால் எதிர்முனைக்குக் கேட்கும். எதிர்முனையில் இருக்கும் கைபேசி சொல்வது உங்களுக்கு எப்படிக் கேட்கும்? தூரம் வேண்டுமானால் அக்சஸ் பாயிண்டை உயரத்தில் வையுங்கள், அல்லது இன்னொன்று போடுங்கள்.

சிப்பின் நினைவகத்தில் உள்ள விதிக்குறியீட்டை மாற்றி எழுதும் கருவிகளும் உண்டு. அதே இடத்தில்தான் சக்தி அளவுத்திருத்தத் தரவும் இருக்கிறது. ஒரு எழுத்து தவறினால் அட்டை திரும்ப எழாது. 13ஆம் சேனலுக்காக அட்டையையே காவு கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டு ரவுட்டருக்குக் கடைசியாக ஒரு யோசனை

தானியங்கிச் சேனல் தேர்வு வசதியானதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்துபோகும் வீடு, விருந்தினர் விடுதி, மாநாட்டுக் கூடம் போன்ற இடங்களில் எந்த நாட்டு மடிக்கணினி நாளை வாசலில் நிற்கும் என்று தெரியாது. அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். இவை ஒன்றோடொன்று மோதாதவை. உலக விதியில்கூட நிபந்தனையின்றித் திறந்திருப்பவை. 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை. ரவுட்டரின் நாட்டைச் சரியாக அமைத்து, அதை அறிவிக்கும் வசதியையும் திறந்து வையுங்கள். வருகிற கணினி எந்த எசமானருக்குக் கட்டுப்பட்டதானாலும், அவர்கள் எல்லோரும் "சரி" என்று சொல்லும் சேனலில் உங்கள் வைஃபை அதற்குத் தெரியும்.